ஜெபராஜ் மாஸ்டரின் மாடி ஸ்டேஷன்

போன மாதம் ஆர்டர் கொடுக்கும் ஒரு வெளிநாட்டுப் பையரைப் பார்க்கச் சென்னைக்குப் போயிருந்தேன். கூட எங்கள் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் புது மெர்ச்சண்டைசர் பெண்ணும் வந்திருந்தாள். மெட்ரோவிலிருந்து இறங்கி ரோட்டோரம் நடந்து வரும்போது, பூமிக்குள்ளிருந்து தண்டவாளம் மேலே ஏறி வரும் இடத்தைப் பார்த்தேன். முதல் தூண் முட்டி உயரம். அடுத்தது இடுப்பு உயரம், அதற்கடுத்தது ஆள் உயரம். அப்படியே ஏறி ஏறி, கடைசியில் மாடி உயரத்தில் ஒரு ஸ்டேஷன். எல்லாத் தூணுக்கும் தலையில் ஒரே அகலத்தில் இரண்டு பக்கமும் கை நீட்டிய மாதிரி ஒரு கட்டை. என்னையறியாமல் வாய் சொல்லிவிட்டது, "கிரேடிங் கரெக்டா இருக்கு."

"எதுலீங்க சார்?" என்றாள் அந்தப் பெண். கையிலிருந்த சாம்பிள் பையைப் பயத்தோடு ஒரு முறை பார்த்துக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி நடையை எட்டிப் போட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எனக்கு மேலதிகாரியும் இல்லை, கீழே வேலை பார்ப்பவரும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு சந்தேகப் பேர்வழி. பாலை மோந்து பார்த்துவிட்டுத்தான் காபி போடச் சொல்வேன். கேஸை அணைத்தாயிற்றா என்று வாசல் வரை போய்த் திரும்பி வருவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் சிரித்தால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். "ஏனுங்க, நீங்க போலீஸ் வேலைக்குப் போயிருக்கோணும்" என்பாள் என் மனைவி. போலீஸ் வேலைக்கு உயரம் போதவில்லை. அதனால் பனியன் கம்பெனிக்கு வந்தேன்.

பனியன் கம்பெனியில் சந்தேகத்துக்கு நல்ல மரியாதை உண்டு. டையிங்கிலிருந்து வந்த துணி சொன்ன கலர்தானா, பட்டன் துவைத்தால் உடையுமா, மெஷினில் ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டும் கிடைத்ததா என்று எதையும் நம்பாதவன்தான் நல்ல மெர்ச்சண்டைசர். நான் வேலைக்குச் சேர்ந்த அவிநாசி ரோட்டுக் கம்பெனியில் ஆறே மாதத்தில் நல்ல பேர் எடுத்தேன். அவனிடம் ஒரு பீஸ் போனால் தையலை எண்ணிவிட்டுத்தான் விடுவான் என்று சொல்வார்கள். அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

அந்தக் கம்பெனியின் பேட்டர்ன் மாஸ்டர்தான் ஜெபராஜ். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். ஒல்லியான உடம்பு, காதில் எப்போதும் பென்சில், கழுத்தில் டேப். சட்டையின் ஒவ்வொரு பாகத்தையும் கனத்த பழுப்பு அட்டையில் வரைந்து வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. அந்த அட்டையை வைத்துத்தான் கட்டிங்கில் துணியை வெட்டுவார்கள். ஒரு டிசைனைச் சின்ன சைஸிலிருந்து பெரிய சைஸ் வரை படிப்படியாக வளர்த்து வரைவதைத்தான் கிரேடிங் என்போம். அதில் அவர் கை தப்பியதே இல்லை.

பேட்டர்ன் ரூமுக்குள் போனாலே அந்த அட்டையின் வாசம் வரும். மழையில் நனைந்து காய்ந்த நோட்டுப் புத்தகத்தின் வாசம். இப்போதும் கார்ட்டன் கடைப் பக்கம் போனால் அந்த வாசம் அடிக்கும், நான் வண்டியை நிறுத்தாமல் போய்விடுவேன். அன்றைக்கு அப்படி இல்லை. காலையில் முதல் வேலையாக அந்த ரூமுக்குத்தான் போவேன். "வாங்க தம்பி, டீ வந்துட்டு" என்பார். அப்பாவும் அம்மாவும் ஊரில் இருக்க, ரூம் எடுத்துத் தங்கியிருந்த எனக்கு, நாள் தொடங்கியதும் ஒருவர் தம்பி என்று கூப்பிடுவது பிடித்திருந்தது. சாம்பிள் டெய்லர் செல்வி அக்காவும் வந்து சேர்ந்துகொள்வார். அவிநாசிக்காரர். பேச்சுக்கு ஒரு ‘ங்க’ போட்டு எங்கள் இரண்டு பேரையும் கேலி செய்வார்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் கப்பல் ஏறியதும், அந்த டிசைனின் அட்டைகளை மெர்ச்சண்டைசர் முன்னால் வைத்து நாலு துண்டாக வெட்ட வேண்டும். வெட்டியதைப் பார்த்தேன் என்று மெர்ச்சண்டைசர் கையெழுத்துப் போட வேண்டும். வேறு கம்பெனிக்காரன் கையில் கிடைத்தால் எங்கள் ஃபிட்டிங்கை அப்படியே போட்டுவிடுவான் என்ற பயம். துண்டு அட்டைகூட கேட்டைத் தாண்டக் கூடாது. மாஸ்டர் வெட்டுவார், நான் கையெழுத்துப் போடுவேன், துண்டுகள் மூட்டையில் போய்விடும்.

அந்த வருஷம் குழந்தைகளுக்கான உடுப்பு ஆர்டர் ஒன்று வர இருந்தது. பெரிய ஆர்டர். சாம்பிள் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம். அப்போது பையரின் ஆபீஸிலிருந்து ஒரு செய்தி: இதே மாதிரி, இதே கழுத்து, இதே தோள்பட்டை வைத்து வேறு ஒரு கம்பெனி உங்களுக்கு முன்னாலேயே சாம்பிள் கொடுத்துவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "நம்ம உள்ளிருந்துதான் போயிருக்கோணும். ஒரு கண்ணு வச்சுக்கங்க" என்றார். இதை என்னிடம் சொல்ல வேண்டியதே இல்லை. என் கண் பிறந்ததிலிருந்தே திறந்துதான் இருக்கிறது.

மூன்று நாள் கட்டிங்கைப் பார்த்தேன். இரண்டு நாள் செக்கிங்கைப் பார்த்தேன். நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங்குக்குப் போய் வருகிற ஒடிசாப் பையன்கள் இந்தியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று புரியாமலேயே காது கொடுத்தேன். ஆறாம் நாள்தான் மாஸ்டர் என் கண்ணில் பட்டார். நாலாக வெட்டிய அட்டைத் துண்டுகளில் நல்லதாகச் சிலவற்றைத் தனியே எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தார். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் அதில் ஏதோ வெட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனதும் டேப்பை எடுத்து அதன்மேல் போட்டார். "என்ன மாஸ்டர், சாப்பிடலையா?" என்றேன். "பசிக்கல தம்பி" என்றார். பசிக்காதவர் ஏன் கையிலிருந்ததை மறைக்க வேண்டும் என்று கேட்டது என் மனசு.

மறுநாள் அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து அவருடைய டிபன் பையைத் திறந்தேன். தற்செயலாகப் பார்த்தேன் என்று அப்புறம் எல்லாரிடமும் சொன்னேன். உங்களிடம் பொய் எதற்கு. திறந்துதான் பார்த்தேன்.

டிபன் பாக்ஸுக்கு அடியில், பட்டர் பேப்பரில் சுற்றி எட்டு அட்டைகள் இருந்தன. எல்லாம் ஒரே வடிவம். நடுவில் உடம்பு, மேலே இரண்டு பக்கமும் நீட்டிய கை. பார்த்ததும் குழந்தையின் டி-ஷர்ட் என்றே நினைத்தேன். ஆனால் ரொம்பச் சின்னது, பெரியதே என் ஆள்காட்டி விரல் நீளம்தான். டேப்பை வைத்து அளந்தேன். ஒன்றுக்கு அடுத்தது கால் அங்குலம் நீளம். அதற்கடுத்ததும் கால் அங்குலம். எட்டும் அப்படியே. என் மூளை அப்போது வேலை செய்த வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கே வியப்பாக இருக்கிறது. கால் பங்கு அளவில் சின்னதாக்கி வரைந்து எடுத்துப் போகிறார், வெளியே போய் நாலு மடங்கு பெரிதாக்கிக்கொள்வார்கள், அப்படிப் பார்த்தால் சைஸுக்கு ஒரு அங்குலம், குழந்தை உடுப்புக்கு வெகு சரி. பென்சிலில் எண்ணும் எழுதியிருந்தது: ஐந்து முதல் பன்னிரண்டு வரை. அப்படியானால் ஒன்று முதல் நாலு வரை ஏற்கெனவே வெளியே போய்விட்டது.

கண் முன்னால் இருந்த ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. எட்டு அட்டைக்கும் அகலம் ஒன்றுதான். எந்த ஊரிலும் ஒரு குழந்தை அகலமாகாமல் நீளமாக மட்டும் வளராது. கிரேடிங் படித்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்ததே ஜெபராஜ் மாஸ்டர்தான்.

மேனேஜரிடம் சொன்னேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, ஆட்கள் கார்டு பஞ்ச் செய்துவிட்டுப் போகிற நேரத்தில், கேட்டில் மாஸ்டரை நிறுத்தினார்கள். "மாஸ்டர், பேகைக் கொஞ்சம் டேபிள் மேல வைங்க" என்றார் மேனேஜர். மாஸ்டர் வைத்தார். பட்டர் பேப்பரைப் பிரித்து எட்டு அட்டையையும் வரிசையாகப் பரப்பினார்கள். ஒன்றின் பின்பக்கத்தில் பழைய டிசைனுக்குத் துணியின் திசை காட்டப் போட்ட அம்புக்குறிகூட இருந்தது. வெளியே போக நின்ற கூட்டம் எட்டிப் பார்த்தது.

"இதென்னங்க மாஸ்டர்?"

"தூணு சார்" என்றார் அவர். "வீட்ல பொம்ம ரயிலு ஒண்ணு வச்சிருக்கேன். மேல ஒரு ஸ்டேஷன் கட்டுதேன். ரயிலு ஏறி வரணும்லா, அதுக்குத் தூணு."

யாரோ சிரித்தார்கள். நாற்பத்தைந்து வயசு ஆள், பேட்டர்ன் மாஸ்டர், பொம்மை ரயில் என்கிறார். செல்வி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான சாம்பிள் பாக்கறீங்க. நீங்க சொல்லுங்க, தூணுங்களா இது?"

மாஸ்டரும் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பயமே இல்லை. தம்பிக்குத் தெரியும் என்கிற மாதிரி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. இவ்வளவு நிதானமாக இருக்கிறவன் எத்தனை நாள் திருடிப் பழகியவனாக இருப்பான் என்று நினைத்தேன்.

"கிரேடிங் மாதிரிதான் சார் இருக்கு" என்றேன்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. அவரைப் போல ஒரு மாஸ்டர் கிடைக்க மாட்டார் என்பது மேனேஜருக்குத் தெரியும். "ரூல் எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க. கட் பண்ணிருங்க" என்று அவர் கையிலேயே கத்தரியைக் கொடுத்தார். மாஸ்டர் எட்டையும் நாலு நாலாக வெட்டினார். கோபத்தில் வெட்டினால் கோணலாகப் போகும் இல்லையா? போகவில்லை. ஒவ்வொன்றையும் நடுவில் பிடித்து நேர்கோட்டில் வெட்டினார். முப்பத்திரண்டு துண்டு. எப்போதும் போல நான் கையெழுத்துப் போட்டேன்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு வீட்லதான் இருப்பேன். நம்பிக்கை இல்லன்னா வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். சோதிக்கத்தான் போனேன். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நிட்டிங் யூனிட்டுகளுக்கு நடுவே ஒரு லைன் வீடு. மெஷின்களின் இரைச்சலில் சுவர் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒரே ரூம், அதைத் தாண்டி அடுப்படி. மாஸ்டரின் மனைவி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அயர்னிங் டேபிளிலிருந்து கழற்றிய ஒரு பெரிய பிளைவுட் பலகை ரூம் முழுக்கக் கிடந்தது. மற்ற நாளில் சுவரில் சாத்தி வைத்துவிடுவார்களாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு ஸ்டூல் போட்டு இறக்குவார்களாம். கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் எந்தத் துறைமுகத்திலோ வாங்கி வந்த இஞ்சினும் மூன்று பெட்டியும் அதன்மேல் நின்றிருந்தன.

"எடம் கெடையாது சார். பக்கத்துல இன்னொரு ஸ்டேஷன் கட்ட முடியாது. மேலதான கட்டணும்" என்றார்.

மேலே கட்டியிருந்தார். கீழே ஓடும் தண்டவாளத்துக்கு மேலே, நாலு கனத்த கால்களில் நின்றது அந்த மாடி ஸ்டேஷன். கார்ட்டன் அட்டையின் மேல்தாளை உரித்தால் உள்ளே நெளிநெளியாக இருக்குமே, அதுதான் பிளாட்பாரத்தின் தகரக் கூரை. நிட்டிங் மெஷினில் தேய்ந்து கழித்த ஊசிகள் விளக்குக் கம்பங்கள். அந்த ஊசியின் நுனியில் கொக்கி இருக்கும், அது அப்படியே தலை குனிந்த ரோட்டு விளக்காக நின்றது. விலைச் சீட்டு அட்டையில் படிக்கட்டு. எண்ணினேன், முப்பத்தாறு படி. ஒரு படி உயரம் கூட மற்றதிலிருந்து மாறவில்லை. பெஞ்சு இருந்தது, டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் இருந்தது, ஜன்னலில் கம்பி இருந்தது. பெயர்ப் பலகை மட்டும் காலியாக இருந்தது. ரயில் ஏறி வந்த பிறகுதான் பெயர் வைப்பதாக இருந்தார்களாம்.

"சாணுக்கு ரெண்டு நூலுக்கு மேல, அதாவது கால் இஞ்சுக்கு மேல, ஏத்தம் இருந்தா இஞ்சின் இழுக்காது சார். அதான் சாணுக்கு ஒரு தூணு, ஒவ்வொரு தூணுக்கும் கால் இஞ்சு" என்றார். ஒன்று முதல் நாலு வரை எண் போட்ட குட்டித் தூண்கள் தங்கள் இடத்தில் ஒட்டியிருந்தன. அதற்கப்புறம் ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை பலகையில் பென்சில் குறிகள் மட்டும் இருந்தன.

இதையெல்லாம் பார்த்தபிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தேன். இவ்வளவு பெரிய பலகை, அடியில் எதையாவது ஒட்டி வைக்கலாமே என்று ஒரு நினைப்பு. நிமிரும்போது அவர் மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தார். "அடியில ஒண்ணும் இல்ல சார், தரதான்" என்றார் அமைதியாக. அவமானத்தில் காது சுட்டது. அந்தச் சூட்டை இன்றைக்கும் என்னால் உணர முடிகிறது.

மாஸ்டர் ரயிலை ஓட்டிக் காட்டினார். கீழே ஒரு சுற்று சுற்றி வந்து நாலு தூணும் ஏறியது. அதற்குமேல் தண்டவாளத்துக்கு முட்டுக்கொடுக்க நூல் கோன்களை வைத்திருந்தார். உயரம் சரியில்லை. இஞ்சின் கொஞ்சம் முக்கிவிட்டுப் பின்னால் வழுக்கியது. அவர் அதை நிறுத்தி, இஞ்சினையும் மூன்று பெட்டியையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து மேலே ஸ்டேஷனில் வைத்தார். "இப்போதைக்கி இப்படித்தான்" என்றார்.

திங்கட்கிழமை மேனேஜரிடம், அது நிஜமாகவே ரயில்தான் சார் என்றேன். "சரி விடுங்க" என்றார். இரண்டு வாரத்தில் விஷயம் வெளியே வந்தது. பையரே எங்களுக்குக் கொடுத்த அதே ஒரிஜினல் சாம்பிளை மூன்று கம்பெனிக்குக் கொடுத்து, யார் சீக்கிரம் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார். எங்கள் உள்ளிருந்து எதுவும் போகவே இல்லை. மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "அப்படியா சார்" என்று சொல்லிவிட்டு வரைந்துகொண்டே இருந்தார். ஸ்டேஷனரிக் கடையில் புது அட்டை ஒரு கட்டு வாங்கிப் போய்க் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் மேஜைக்கே கொண்டுவந்து வைத்தார். "கம்பெனி அட்ட மாதிரியே இருக்கு சார். வேண்டாம். கேட்ல கேப்பாங்க."

அதன்பிறகு ஒன்று தொடங்கியது. தினமும் ஆறு மணிக்கு, கேட்டுக்குப் போகும் முன் என் மேஜைக்கு வருவார். டிபன் பையை விரித்துக் காட்டுவார். கோபமாக அல்ல, குத்திக் காட்டவும் அல்ல. ஒரு வேலையை முடித்துவிட்டுப் போகிற மாதிரி. "வேண்டாங்க மாஸ்டர், தயவுசெஞ்சு" என்பேன். ஒவ்வொரு நாளும் சொன்னேன். ஒவ்வொரு நாளும் என் கண் அந்தப் பைக்குள் போய்விட்டுத்தான் வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் பையை மூடுவார்.

நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்பாடா என்று இருந்தது. மறுநாள் பேட்டர்ன் ரூமில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேலையை விடுவதாக மாஸ்டர் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டாராம். மேனேஜருக்குத் தெரியும், கட்டிங்குக்குத் தெரியும், டீ கொண்டு வருபவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியவில்லை.

"ஏனுங்க அக்கா, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?" என்று செல்வி அக்காவிடம் கேட்டேன்.

அவர் மெஷினை நிறுத்தினார். "அவருதானுங்க சொல்ல வேண்டாம்னாரு. போற எடத்துக்கும் நீங்க போன் போட்டுச் சொல்லீருவீங்கன்னு பயப்பட்டாருங்க."

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. கட்டடத்தில் யாரோ கார்ட்டன் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அட்டையில் பேட்டர்ன் வெட்டுவதும் போய்விட்டது. எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து பேப்பரில் வருகிறது, காப்பி வேண்டாமென்றால் ஒரு பட்டனைத் தட்டினால் அழிந்துவிடும், யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நெருப்பெரிச்சலில் அந்த லைன் வீடுகளை இடித்து யூனிட்டை நீட்டிக் கட்டிவிட்டார்கள். மாஸ்டரின் பழைய நம்பருக்குப் போன் போட்டால் இந்தியில் யாரோ எடுக்கிறார்.

சென்னையிலிருந்து திரும்பிய வாரம் செல்வி அக்காவை அவிநாசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. பேரனுக்குக் காய்ச்சல் என்றார். என் பிள்ளைகளை விசாரித்தார். டீக்கடையில் நின்று இரண்டு பேரும் டீ குடித்தோம். கேட்க வேண்டாம் என்று நினைத்தேன், கேட்டுவிட்டேன். "ஜெபராஜ் மாஸ்டர் இப்ப எங்கீங்க அக்கா இருக்காரு? அந்த ஸ்டேஷனைக் கட்டி முடிச்சாருங்களா?"

அக்கா டம்ளரைப் பார்த்தார். அப்புறம் பஸ் வருகிற பக்கம் பார்த்தார்.

"தெரியலீங்க" என்றார்.

அக்காவுக்குத் தெரியும். என் வாழ்நாளில் நான் பட்ட சந்தேகங்களில் சரியானது அந்த ஒன்றாகத்தான் இருக்கும். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. பஸ் வந்தது, அக்கா ஏறிப் போனார்.